பொற்சுவரில் எழுதாத பாதி

சிசிலித் தீவின் தலைநகரமாகிய பலெர்மோவில், நார்மானிய மன்னர்களின் பழைய அரண்மனைக்குள்ளே, ‘கப்பெல்லா பலத்தீனா’ என்று பெயர் வழங்கும் அரண்மனைக் கோயில் ஒன்று இருக்கிறது. 1130-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளன்று இதே நகரத்தில் முடிசூடிக்கொண்ட இரண்டாம் ரோஜர் மன்னன் 1140-இல் நிறுவிய இக்கோயிலில், தேன்கூடு போன்ற மர விதானத்துக்கு வர்ணம் தீட்டி அரபி எழுத்துகளால் வாழ்த்துரை வரைந்தவர்கள் இஸ்லாமிய உலகத்துக் கைவினைஞர்கள். பலிபீடத்தைச் சூழ்ந்த சுவர்களில் புனிதர்களின் உருவங்களுக்கு அருகே இருப்பவை கிரேக்க எழுத்துகள். ஜனங்கள் நின்று தொழும் நீண்ட மண்டபத்தின் இருபுறத்துச் சுவர்களிலோ, ரோஜரின் குமாரனாகிய முதலாம் வில்லியத்தின் காலத்தில், பொன்னும் வர்ணமும் ஏற்றிய கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து, லத்தீன் மொழியில் தலைப்பெழுதி, யூதர்களின் ஆதி வேதமான ஆதியாகமத்தின் கதைகளை வரிசையாகச் சித்திரித்திருக்கிறார்கள். இவ்வாறு மூன்று பாஷைகளின் எழுத்துகள் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருக்கும் அக்கோயிலில், எவருடைய கதை சுவர் முழுவதும் நிறைந்திருக்கிறதோ அவர்களுடைய எபிரேய எழுத்துக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

அந்தச் சித்திர வரிசையைச் சிருஷ்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஓர் உண்மை மெல்ல மெல்லப் புலப்படும்; புண்ணிய சரித்திரம் என்று நினைத்துக் காணவந்தது பெரும்பாலும் வஞ்சனையின் சரித்திரமாகவே இருக்கிறது. இனிய சொல்லால் ஏவாளை மயக்குகிறது சர்ப்பம். தம்பியைக் கொன்றுவிட்டு, அவன் எங்கே என்று கேட்ட கடவுளிடமே பொய் சொல்லுகிறான் காயீன். பின்னும் நோவாவின் பேழை, பாபேல் கோபுரம், ஆபிரகாமின் விருந்து, லோத்துவின் ஓட்டம் என்று கதை நடந்து, கண்ணொளி மங்கிய ஈசாக்கு தன் இளைய மகனை மூத்தவன் என்று எண்ணி ஆசீர்வதிக்கும் காட்சிக்கு வந்து சேருகிறது. அதற்குப் பிறகு அந்த இளையவன் கண்ட ஏணிக் கனவும், அவன் தேவதூதனோடு போராடிய போராட்டமும் வருகின்றன. அத்துடன் சுவர் முடிந்துவிடுகிறது. நகரத்துக்குச் சற்று வெளியே மலைச்சரிவில், இரண்டாம் வில்லியம் எழுப்பிய மொன்ரியாலே பேராலயத்திலும், ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அந்த மொசைக் பரப்பிலும்கூட, இந்தக் கதை இதே இடத்தில்தான் நின்றுபோகிறது.

கதை நின்றுபோன இடத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால், அந்த இளையவனாகிய யாக்கோபு செய்ததைச் சிறிது விரிவாக நினைவுகூர வேண்டும். தகப்பனுக்கு வயது முதிர்ந்து பார்வை போய்விட்டது. மூத்தவன் ஏசா உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்தவன், வேட்டைக்காரன். மான் இறைச்சி சமைத்துக் கொண்டுவா, மனமார ஆசீர்வதிக்கிறேன் என்று தகப்பன் அவனைக் காட்டுக்கு அனுப்புகிறான். இதை ஒட்டுக்கேட்ட தாய் ரெபெக்காள், தனக்கு உகந்த பிள்ளையாகிய யாக்கோபுக்கு அண்ணனின் உடையை உடுத்தி, வெள்ளாட்டுக்குட்டியின் தோலை அவன் கைகளிலும் கழுத்திலும் சுற்றி, ஆட்டுக்குட்டியின் கறியையே வேட்டை இறைச்சி போலச் சமைத்துக் கொடுத்து, கிழவனிடம் அனுப்புகிறாள். குரல் ஒருவனுடையதாகவும் கை வேறொருவனுடையதாகவும் இருக்கக் கண்டு தகப்பன் திகைக்கிறான். திகைத்தும், தடவிப் பார்த்த கையையே நம்பி ஆசீர்வாதத்தை அளித்துவிடுகிறான். திருநீறு பூசி, சடைமுடி தாங்கி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு மெய்ப்பொருள் நாயனாரின் அந்தப்புரத்துக்குள் நுழைந்த முத்தநாதனைப் பெரியபுராணம் படித்த நாம் அறிவோம். வேடத்தைக் கண்டு தலைவணங்கியவரை வேடமே வீழ்த்தியது என்ற அளவில் இரண்டு கதைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும், நம் புராணத்தில் முத்தநாதன் பகைவன், வெளியிலிருந்து வந்தவன். எபிரேயர் கதையிலோ வஞ்சித்தவனே குலபிதா, இஸ்ரவேல் என்று அவன் பெற்ற பெயரே பின்னால் ஒரு ஜாதிக்கெல்லாம் பெயர்.

சுவர் சொல்லாமல் விட்ட பாதி இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அண்ணனுக்கு அஞ்சி ஓடிய யாக்கோபு, மாமன் லாபானிடம் சேர்ந்து, ராகேல் என்னும் இளைய மகளை விரும்பி ஏழு வருஷம் ஊழியம் செய்கிறான். கலியாண இரவில், இருட்டில், மூத்தவளாகிய லேயாளை அவனிடம் அனுப்பிவிடுகிறான் மாமன். குருட்டுத் தகப்பனிடம் மூத்தவன் போலப் போய் நின்றவனுக்கு, இருள் கண்ணை மறைத்த வேளையில் மூத்தவளே மணப்பெண்ணாக வந்து சேருகிறாள். பிறகு அவனுடைய பிள்ளைகள் பத்துப் பேர், தகப்பனின் செல்லப் பிள்ளையான யோசேப்பை இருபது வெள்ளிக் காசுக்கு அந்நிய வியாபாரிகளிடம் விற்றுவிட்டு, அவனுடைய அங்கியை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, இது உம்முடைய மகனின் அங்கிதானா பாரும் என்கிறார்கள். ஆட்டுத்தோலால் தகப்பனை ஏமாற்றியவனை, ஆட்டு இரத்தத்தால் ஏமாற்றினார்கள் அவன் பெற்ற பிள்ளைகள்.

கதை இன்னும் விடவில்லை. தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன யூதா, தன் மருமகள் தாமார் விதவையான பிறகு அவளுக்குச் சேரவேண்டிய மறுமணத்தைச் செய்து வைக்காமல் தட்டிக்கழிக்கிறான். அவளோ முக்காடிட்டு வழியோரத்தில் வேசியைப்போல் அமர்ந்து, அவனை மயக்கி, கூலியாக ஒரு வெள்ளாட்டுக்குட்டியை அனுப்புவதாக அவன் சொன்னதற்கு ஈடாக அவனுடைய முத்திரையையும் கயிற்றையும் கைத்தடியையும் வாங்கி வைத்துக்கொள்ளுகிறாள். கருவுற்றவளை எரித்துவிடுங்கள் என்று அவன் தீர்ப்புச் சொன்ன நாளில், இவை யாருடையவை பாரும் என்று அவற்றை அவனுக்கு அனுப்புகிறாள். யோசேப்பின் அங்கியைக் காட்டியபோது பிள்ளைகள் தகப்பனிடம் சொன்ன அதே எபிரேயச் சொல்தான், பாரும் என்பதற்கு இங்கேயும் நிற்கிறது என்பதைப் பழைய யூத ஆசாரியர்களே கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். தோல், இரத்தம், கூலி என்று மூன்று வஞ்சனைகளிலும் ஓர் ஆட்டை உலாவவிட்டு, செய்தவனுக்கே செய்தது திரும்பி வருவதைப் பிரசங்கம் எதுவும் செய்யாமல் உணர்த்திவிட்டுப் போகும் அந்த ஆசிரியனின் கலைத்திறம், உலக இலக்கியத்தில் மிக அரிதானது. கடைசியில் யூதா, என்னைக் காட்டிலும் அவளே நீதியுள்ளவள் என்று சபையறிய ஒப்புக்கொள்ளுகிறான். தாவீது அரசனின் வம்சம் அந்தத் தாமாரின் வயிற்றிலிருந்தே தொடங்குகிறது.

அந்தத் தாவீதின் கதையிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். அரண்மனை மாடியிலிருந்து குளிப்பவளைக் கண்டு அழைப்பித்ததும், அவள் கணவனாகிய உரியாவை அவனுடைய சாவோலையை அவன் கையிலேயே கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்பியதும், பிறகு தன் பிள்ளைகளே ஒருவரையொருவர் கெடுத்தும் கொன்றும் அழிந்ததைக் கண்ணால் கண்டதும் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கின்றன. அரசர்களின் சரித்திரத்தை மெய்க்கீர்த்திகளின் வாயிலாகப் படித்துப் பழகிய நமக்கு இது வியப்பைத் தருகிறது. ஏனெனில் மெய்க்கீர்த்தி எழுதியவன் தன் அரசனின் வெற்றியைப் பாடினான், எபிரேயப் பழங்கதை எழுதியவனோ தன் அரசனின் குற்றத்தையும் சேர்த்தே எழுதினான்.

மயக்குதல் எப்போது பாவம், எப்போது பராக்கிரமம் என்பது கதை சொல்பவன் நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது என்பதற்கும் பலெர்மோவிலேயே அத்தாட்சி உண்டு. பெலிஸ்தியப் பிரபுக்கள் ஒவ்வொருவரும் ஆயிரத்து நூறு வெள்ளிக்காசு தருவதாகச் சொன்ன சொல்லுக்காகச் சிம்சோனின் பலரகசியத்தை மடியில் படுக்கவைத்துக் கறந்த தெலீலாள், துரோகத்துக்கே மறுபெயராகிவிட்டாள். முற்றுகையிட்ட அசீரியச் சேனாபதி ஒலோபெர்னஸின் கூடாரத்துக்கு அலங்கரித்துக்கொண்டு போய், அவனை மதுவில் ஆழ்த்தி, அவனுடைய வாளாலேயே அவன் தலையை வெட்டியெடுத்து வந்த யூதித்து என்னும் விதவையோ வீராங்கனை. பலெர்மோவில் பிறந்து வளர்ந்த ஜாக்கொமோ செர்ப்பொத்தா (1656–1732) என்னும் சுதைச் சிற்பி, சாந்தா சித்தா ஜெபக்கூடத்தின் பலிபீடத்துக்கு இருமருங்கிலும் எஸ்தரையும் யூதித்தையும் வெண்சுதையில் அமைத்தான். 1660-இல் அதே நகரத்தில் பிறந்த சங்கீத வித்துவான் அலெஸ்ஸாந்த்ரோ ஸ்கர்லாத்தி, யூதித்தின் கதையை ‘லா ஜுதித்தா’ என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு இசை நாடகங்களாக இயற்றினார். வியப்பு என்னவென்றால், கத்தோலிக்கர் இவ்வளவு கொண்டாடும் யூதித்தின் ஆகமம் யூதர்களின் வேதத்தொகுதியில் சேரவில்லை. கிரேக்க மொழியிலேயே அது நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சுவரிலும் சுதையிலும் சங்கீதத்திலும் இப்படி எபிரேயர் கதைகளைக் கொண்டாடிய நகரத்தில், அந்த எபிரேயர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்பது நியாயம். அவர்கள் அரண்மனைக்கு வெகுதூரத்தில் இல்லை. ரோஜர் மன்னனின் காலத்திலேயே, கிரிசாந்துஸ் என்னும் பாதிரி 1149-இல் தன் தாய் அன்னாவின் சமாதிக்கு வைத்த கல்லில் லத்தீன், கிரேக்கம், அரபி எழுத்துகளோடு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபியும் பொறிக்கப்பட்டிருக்கிறது; அரண்மனைக் கோயிலில் இடம் பெறாத எழுத்து ஒரு தாயின் கல்லறையில் இடம் பெற்றது. சில பத்தாண்டுகள் கழித்து வந்த தூதெலா ஊர் யாத்திரிகர் பெஞ்சமின், பலெர்மோவில் சுமார் 1,500 யூதர் இருந்ததாக எழுதிவைத்தார்.

அவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த சாட்சியம், 1487-ஆம் ஆண்டு கோடைகாலத்தில் எருசலேமுக்குப் போகும் வழியில் இங்கே வந்து சுமார் மூன்று மாதம் தங்கிய பெர்த்தினோரோ ஊர் ஒபதியா என்னும் யூத குருவின் கடிதம். மிஷ்னா என்னும் யூத தர்மசாஸ்திரத் தொகுதிக்கு இவர் வரைந்த உரையை இன்றும் யூத மாணவர்கள் படிக்கிறார்கள். தந்தைக்கு எழுதிய அக்கடிதத்தில் அவர் சொல்வதாவது: இந்நகரத்தில் சுமார் 850 யூதக் குடும்பங்கள் ஒரே வீதியில் வசிக்கின்றன, அவர்கள் செம்படிக்கும் கன்னாராகவும் இரும்படிக்கும் கொல்லராகவும் சுமைகூலிகளாகவும் பிழைக்கிறார்கள், பொற்காசு அளவுள்ள சிவப்புத் துணியை மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம், அரசன் ஏவிய வேலையை, கப்பலைக் கரைக்கு இழுப்பது முதல் மரண தண்டனையை நிறைவேற்றுவது வரையில், மறுக்காமல் செய்ய வேண்டும். அவர்களுடைய ஜெபாலயத்துக்கு ஈடாக உலகத்தில் மற்றொன்று இல்லை என்று புகழ்ந்து, அதன் முற்றத்துத் தூண்களில் படர்ந்த திராட்சைக் கொடியின் தண்டு ஐந்து சாண் பருமன் இருந்ததை அளந்து எழுதுகிறார். வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேர் வரி விதிக்கவும் அபராதம் போடவும் சிறையிடவும் அரசனிடம் அதிகாரம் பெற்றிருந்தார்கள் என்றும் சொல்லுகிறார்.

புகழ்ந்த அதே பேனாவால் அவர் குறைகளையும் எழுதினார். மணப்பந்தலுக்கு வரும் மணமகளிரில் மிகப் பெரும்பாலோர் கருவுற்ற பிறகே வருகிறார்கள் என்று எழுதினார். அதைவிட வேதனையோடு, காட்டிக்கொடுப்பவர்கள் இவ்வூரில் பெருகிக் கிடக்கிறார்கள், அது பாவம் என்ற கூச்சமே அவர்களுக்கு இல்லை, ஒருவனுக்கு ஒருவன் மேல் பகை உண்டானால் பொய்க்குற்றம் கட்டி அதிகாரிகளிடம் சொல்லிவிடுகிறான் என்று எழுதினார். இப்படிக் கோள் சொல்பவனுக்கு எபிரேய மொழியில் ‘மல்ஷின்’ என்று பெயர். நாவு என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஏவாளை மயக்கிய சர்ப்பத்தின் ஆயுதமும் நாவு அல்லாமல் வேறென்ன? அன்றாடம் ஓதும் ஜெபத்திலேயே கோள் சொல்பவர்களுக்கு எதிராக ஒரு பகுதியை வைத்திருக்கும் ஜாதி, அந்தக் குற்றத்தைத் தன் வீதியிலேயே கண்டது. புறங்கூறாமைக்கென்று தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நாட்டிலும் இது அறியாத நோய் அல்ல. ஆனால் தன் ஜாதிக்காரர்களின் இழிவை மறைக்காமல் எழுதிய ஒபதியா, தாவீதின் குற்றத்தை மறைக்காமல் எழுதிய அந்தப் பழைய ஆசிரியனுக்கு வாரிசு என்பதை மட்டும் நாம் இங்கே குறித்துக்கொள்வோம்.

ஐந்து வருஷம் கழிந்தது. அப்போது சிசிலி, அரகோன் நாட்டு பெர்தினாந்து மன்னனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. யூதர்கள் அரசனின் சொந்த பொக்கிஷத்தைச் சேர்ந்தவர்கள், ஆகையால் அவர்களுடைய வரி அரசனுக்கு, அவர்களுடைய பாதுகாப்பு அரசனின் கடமை என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அரசனே முறித்தான். 1492 மார்ச் 31-இல் கிரானடாவில் கையெழுத்தான வெளியேற்றக் கட்டளை, ஜூன் 18-இல் சிசிலியில் பறைசாற்றப்பட்டது. சிசிலியின் அதிகாரிகள் இதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார்கள். தீவில் தொழிலாளிகள் ஏறக்குறைய எல்லோரும் யூதர்களே, இவர்கள் போய்விட்டால் குதிரைக்கு லாடம் அடிக்கவும் உழவுக் கருவி செய்யவும் கப்பலுக்கு இரும்புச் சாமான் வார்க்கவும் ஆள் கிடையாது என்று எடுத்துக்காட்டினார்கள். அதன் பயன் தவணை நீண்டதுதான். கடைசி நாள் 1493 ஜனவரி 12 என்று முடிவாயிற்று. மேனியில் ஓர் உடை, ஒரு மெத்தை, ஒரு கம்பளி, பழைய படுக்கைவிரிப்பு ஒரு ஜோடி, கொஞ்சம் வழியுணவு, கைச்செலவுக்கு மூன்று தாரி நாணயம், இவ்வளவே ஏழைகள் கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட ஆஸ்தி. தூதனோடு போராடுவதற்கு முன்னால், கோல் ஒன்றோடு மட்டும் நான் இந்த ஆற்றைக் கடந்தேனே என்று யாக்கோபு நினைத்து உருகுவதாக ஆதியாகமம் சொல்லும். அவன் சந்ததியாருக்கு அந்த வாக்கியம் அன்றைக்குப் புராணமாக இருந்திருக்காது.

அரசன் வாக்கு என்று சொன்னவுடன் நம் பக்கத்து நாட்டு நினைவு ஒன்று வராமல் இருக்க முடியாது. பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேரமன்னன், கி.பி. 1000-ஐ ஒட்டிய காலத்தில், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவனுக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேட்டில், உலகும் சந்திரனும் உள்ளவரை என்று சொல்லி எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கினான். பின்னால் கொச்சி மன்னர் தம் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரை ஒட்டியே அவர்களுக்கு நிலம் அளித்தார். 1568-இல் அங்கே எழுந்த ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் அவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபோனது தாமாக விரும்பிச் சென்ற பயணமே அன்றி, இந்நாட்டு அரசன் எவனும் போகச் சொன்னதனால் அன்று. செம்பு அடித்த பலெர்மோ யூதருக்குக் கிடைக்காத வாக்குறுதி, செம்பில் எழுதப்பட்டு இங்கே காப்பாற்றப்பட்டது.

பலெர்மோவில் போக மனமின்றி ஞானஸ்நானம் பெற்றுத் தங்கிவிட்டவர்களை ‘நெயோபித்தி’, அதாவது புதிதாக நட்டவர்கள், என்று அழைத்தார்கள். அவர்களுக்காகவே வந்து சேர்ந்தது ஸ்பானிய இன்குவிசிஷன் என்னும் மத விசாரணை மன்றம். அந்த மன்றத்துக்கு உணவே கோள்தான். சனிக்கிழமையில் அடுப்பு மூட்டாதவன், வெள்ளிக்கிழமை மாலையில் வெளுத்த சட்டை அணிந்தவன், பன்றி மாமிசத்தைத் தட்டில் ஒதுக்கியவன் ஆகியோரை அண்டைவீட்டுக்காரனும் வேலைக்காரியும் காட்டிக்கொடுக்கலாம். காட்டிக்கொடுத்தவன் பெயர் வெளிப்படாது. ஒபதியா ஒரு வீதியில் கண்டு வருந்திய நோயை ஓர் அரசாங்கமே இலாகா வைத்து வளர்த்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அம்மன்றம் கடற்கரையருகே ஸ்தேரி மாளிகையில் இயங்கி, 1782-இல்தான் ஒழிந்தது. அடுத்த வருஷம் அதன் தஸ்தாவேஜுகளைத் தீயிட்டார்கள். கோள் சொன்னவர்களின் பெயர்கள் அந்தத் தீயில் தப்பித்துக்கொண்டன. ஆனால் 1906-இல், சிசிலி நாட்டுப்புற வழக்கங்களை ஆயுள் முழுதும் திரட்டிய ஜுசெப்பே பித்ரே, சிறைச் சுவர்களின் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தபோது, கைதிகள் எழுதிய பிரார்த்தனைகளும், பரிசுத்தர்களின் உருவங்களும், வேதாகமத்துக் காட்சிகளும் வெளிப்பட்டன. கண்ணாடிச் சில்லும் பொன்னும் இல்லாத அச்சித்திரங்கள் செங்கற்பொடியாலும் கரியாலும் கையில் கிடைத்தவற்றாலும் ஆனவை.

மன்னர்கள் பொற்சுவரில் எழுதியபோது, யாக்கோபு ஆசீர்வாதம் பெற்றதையும் வெற்றி பெற்றதையும் எழுதி, அவனுக்கு வஞ்சனை திரும்பி வந்த கதையை விட்டுவிட்டார்கள். சுவரில் இடம் போதாமையோ, வழிபாட்டு நோக்கமோ அதற்குக் காரணமாக இருக்கலாம். அதற்காக அவர்களை நாம் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும், ஆசீர்வாதத்தோடு கதையை முடித்துக்கொள்ளும் பழக்கம் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எக்காலத்திலும் உண்டு. கணக்குத் தீரும் இடம் வரையில் கதையைச் சொல்லும் துணிவு அந்தப் பழைய எபிரேய ஆசிரியர்களுக்கு இருந்தது. தன் குலபிதாவை வஞ்சகன் என்றும் தன் அரசனைக் கொலையாளி என்றும் எழுதத் துணிந்த நூலே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழியாமல் நின்றது என்பதை நம் ஊர்ச் சரித்திரம் எழுத விரும்பும் இளைஞர்கள் நினைவில் வைப்பது நலம்.

யூதர்கள் வெளியேறிய அதே தேதியில், 2017 ஜனவரி 12-ஆம் நாள், பலெர்மோவின் பேராயர் கொர்ராதோ லொரெபிச்சே, பழைய யூத வீதிக்கு அருகிலிருக்கும் ஒரு சிறிய கிறிஸ்தவ ஜெபக்கூடத்தை, ஜெபாலயமாக அமைத்துக்கொள்ள யூதர்களுக்கு அளிப்பதாக அறிவித்தார். அதன் பெயர் சாந்தா மரியா தெல் சாபாத்தோ. சனிக்கிழமை மாதா என்பது பொருள். அதற்குப் பக்கத்தில், ஒபதியா கண்ட கன்னார்களின் வீதிக்குக் ‘கல்தெராய்’ என்று இன்றும் அவர்கள் தொழிலே பெயராக இருக்கிறது. அங்கே வீதிப் பெயரைத் தாங்கிய பலகையில் இத்தாலியம், எபிரேயம், அரபி ஆகிய மூன்று எழுத்துகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன.